எந்த மகள்?

எங்கள் குடும்பத்துக் கல்யாணக் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளையின் பெயர் இருக்கும். அவர் படித்த படிப்பு, அவரைப் பெற்ற அத்தா பெயர், மாமன்மார் பெயர், அவர்கள் நடத்தும் கடைகளின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்னார் அவர்களின் அருமைப் புதல்வி’ என்று இருக்கும். அவ்வளவுதான். என் கல்யாணக் கார்டிலும் அப்படித்தான். நான் அப்போது தமிழில் எம்.ஏ. முடித்திருந்தேன். ‘அருமைப் புதல்வி’க்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று மறக்காமல் அச்சடித்தார்கள். படிப்புக்குப் பெயர் இருந்தது, படித்தவளுக்கு இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படியில்லை. எங்கள் தெருவிலேயே பெண் பெயரைப் போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. எங்கள் வீடு மட்டும் ‘இது நம்ம பழைய வழக்கம்’ என்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதை எழுதும்போது நானும் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் பெயரையும் சேர்த்துத்தான். பெயரில்லாமல் அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

எனக்கு விருதுநகர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒரே ஒரு அண்ணன். பஜாரில் பருப்பு, வத்தல் வியாபாரம். கடை போர்டில் இன்றைக்கும் எங்கள் அத்தாவுடைய தாத்தாவின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடிக்கொண்டுதான் மதுரையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் மாதப் பத்திரிகைகளில் நாவல் எழுதிய பெண்களைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சென்னையில் ஒரு அம்மாள் தன் வீட்டிலிருந்தே நடத்திய பத்திரிகையில் ஒரு முழு நாவல் தொடராக வந்திருக்கிறதாம். எழுதியவர் விருதுநகர்க்காரர், முஸ்லிம் பெண். பெயரைச் சொல்லி, “உங்க குடும்பமா மேடம்?” என்று கேட்டாள்.

அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அண்ணனிடம் கேட்டேன். “நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லையேம்மா” என்றார் அவரும்.

அவள் விடவில்லை. பத்திரிகையில் ஆசிரியையின் தகப்பனார் பெயரும் இருக்கிறது என்று சொன்னாள். எங்கள் கடை போர்டில் இருக்கிற பெயர்.

அந்தப் பெரியவருக்கு ஒரு மகன், மூன்று மகள்கள். மகன் வழியில் வந்தவர்கள் நாங்கள். மூன்று மகள்களும் என் அத்தாவுக்குக் குப்பிமார், அதாவது அவருடைய அத்தாவின் கூடப்பிறந்தவர்கள். அவர்களைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் மதுரைக் குப்பி, அருப்புக்கோட்டைக் குப்பி, சாத்தூர்க் குப்பி என்றுதான் வரும். கட்டிக்கொடுத்த ஊர்தான் பெயர். பிறந்தபோது ஓதி வைத்த பெயர் வேறு இருந்திருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்தில் இலக்கிய வரலாறு சொல்லிக்கொடுத்தவளுக்கே தோன்றவில்லை.

சாத்தூர்க் குப்பிதான் அந்த நாவலாசிரியை. அதுவும் பத்திரிகையைப் பார்த்துத்தான் உறுதியானது. நாவல் முடிந்த சில மாதங்களில், நம் ஆசிரியைக்கு இன்ன ஊரில் திருமணம் என்று அந்தப் பத்திரிகை ஒரு செய்தி போட்டிருக்கிறது. தகப்பனார் பெயர், மாப்பிள்ளை பெயர், சாத்தூர் என்று ஊர்ப்பெயர். எல்லாவற்றுக்கும் மேலே மணப்பெண்ணின் பெயர், கொட்டை எழுத்தில்.

அதுதான் அச்சில் அவர் பெயர் வந்த கடைசித் தடவை. அதற்குப் பிறகு வந்த இதழ்களை அந்த ஆராய்ச்சிப் பெண் ஒன்று விடாமல் புரட்டிவிட்டாள். ஒரு சிறுகதை இல்லை, ஒரு கட்டுரை இல்லை, வாசகர் பக்கத்தில் நாலு வரிகூட இல்லை. கல்யாணமாகிச் சாத்தூர் போனவர், பிள்ளையில்லாமல், நாலைந்து வருஷத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு நாவல் எழுதியவர் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

பக்கங்களை அவள் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பூச்சி அரித்த பழுப்புக் காகிதம். ஒரு ஓரத்தில் கூந்தல் தைல விளம்பரம், இன்னொரு ஓரத்தில் பிரசவ லேகியம். நடுவில் எங்கள் குப்பியின் நாவல். ஒவ்வொரு மாதமும் தலைப்பு எந்த அளவோ அதே அளவில் அவர் பெயர். ஈயத்தில் வார்த்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கோத்த காலம் அது. அன்றைக்கு ஒருவர் அவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பொறுக்கியிருக்கிறார், மாதாமாதம். வாசகர் கடிதங்களிலும் பெண்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் எழுதியிருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து, கொழும்பிலிருந்து, ரங்கூனிலிருந்து.

எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் கல்லூரியில் படித்த இலக்கிய வரலாற்றுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து நாவலாசிரியர்களை ஒரு பக்கம் முழுக்கப் பெயர் பெயராக அடுக்கிவிட்டு, கடைசியில் பெண்கள் சிலரும் எழுதினர் என்று முடித்திருப்பார்கள். அந்தச் ‘சிலரும்’ என்பதை நானே எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யச் சொன்னவள். பேராசிரியர்கள் எழுதின வரலாற்றுக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணக் கார்டுக்கும் என்ன வித்தியாசம்? ‘சிலரும்’ என்பதும் ‘அருமைப் புதல்வி’ என்பதும் ஒன்றுதான்.

நாவல் இதுதான். ஒரு வியாபாரியின் மகள். திருட்டுத்தனமாகப் பத்திரிகை படிக்கிறவள். வயதான பணக்காரர் ஒருவர் இரண்டாம் தாரமாகக் கேட்டு வருகிறார். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பெண்ணைப் பற்றியே பேசுகிறார்கள், ஒருவர்கூட அவள் பெயரைக் கேட்கவில்லை. அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து தன் பெயரைத் தானே சொல்லி, சம்மதமில்லை என்கிறாள். கதாநாயகிக்கு எங்கள் குப்பி வைத்திருந்தது தன்னுடைய சொந்தப் பெயர். அந்தக் காலத்தில் அந்த வயதில் என்ன நெஞ்சுரம்! சில அத்தியாயங்கள் வளவளவென்று போகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கூடத்துக்கு அவள் வருகிற அத்தியாயத்தை மட்டும், ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது என்று இரண்டு தடவை டைப் செய்தேன்.

ஆமாம், மொத்த நாவலையும் நானேதான் டைப் செய்தேன். புத்தகமாகப் போடலாம் என்றதும் அண்ணனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். “வர்றவுகளுக்கு எவர்சில்வர் டப்பா குடுக்கறதுக்குப் பதிலா இந்தப் புத்தகத்தைப் பையில போட்டுக் குடுப்போம். நம்ம குடும்பம் எம்புட்டுப் பழைய குடும்பம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார். எங்கள் குடும்பத்துக் கார்டு எல்லாம் சிவகாசியில் ஒரே அச்சகத்தில்தான் அடிப்பது, இரண்டு தலைமுறையாக. கார்டையும் புத்தகத்தையும் சேர்த்தே ஒரே ஆர்டராகக் கொடுத்தோம். அங்கேதான் வினையே.

புரூஃப் நான் பார்த்தேன். அட்டை, முதல் பக்கம், உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. பைண்டிங் முடிந்துவிட்டது, ஒரு பிரதி பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். தீபாவளிச் சீசன். சாலை நெடுகப் பட்டாசுக் கடை, கார்கள், கூட்டம். அச்சகத்தில் ஒரு பக்கம் காலண்டர், இன்னொரு பக்கம் வெடிப் பெட்டி லேபிள். கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஒரு பெண் சிரிக்கிறாள், சாட்டைப் பெட்டியில் ஒரு பெண் சிரிக்கிறாள், புஸ்வாணத்திலும் ஒரு பெண். முதலாளி, “வாங்க டீச்சர், உக்காருங்க” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

அட்டையில் தலைப்பு இருந்தது. அதன் கீழே, ‘எழுதியவர்: இன்னார் அவர்களின் அருமைப் புதல்வி.’ இன்னார் என்ற இடத்தில் எங்கள் கடை போர்டில் இருக்கிற பெயர்.

அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். “இது யார் செஞ்ச வேலை?” என்றேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். விஸ்வநத்தத்திலிருந்து வருகிறவள், எங்கள் வீட்டுக் கார்டுகளையெல்லாம் அவள்தான் வடிவமைக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நாந்தான் டீச்சர். அச்சுப் பிளேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நல்லவேளை பாத்தேன். பொம்பளப் பேரு அப்படியே வந்திருந்துச்சு. உங்க வீட்டு வேலையில பொம்பளப் பேரு வரக்கூடாதுன்னு மூத்தவுக எப்பவும் சொல்லுவாகள்ல? அதான் மாத்திட்டேன்.”

“உள்ள?”

“உள்ளயும் மாத்திட்டேன். ஒண்ணு விடல.”

ஒன்று விடவில்லைதான். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் பெயர் வருகிற இடத்தையெல்லாம் மாற்றிவிட்டாள். கதாநாயகிக்கும் அதே பெயர் அல்லவா? நான் அங்கேயே நின்றுகொண்டு பக்கங்களைப் புரட்டினேன். முதல் அத்தியாயத்தில் தாய் மகளைத் திட்டுகிறாள்: “அடியே, இன்னார் அவர்களின் அருமைப் புதல்வி! அடுப்பில் பால் பொங்குகிறது பார்!” நடுவில் தோழி கண்ணீர் வடிக்கிறாள்: “என் உயிர் இன்னார் அவர்களின் அருமைப் புதல்வியே, உன்னை எப்படிப் பிரிவேன்?” கடைசியில் அந்தக் கூடம். திரையை விலக்கிக்கொண்டு வருகிறாள். “என் பெயரை ஒருவரும் கேட்கவில்லையே. நானே சொல்கிறேன். என் பெயர் இன்னார் அவர்களின் அருமைப் புதல்வி.”

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு யார் புத்தகமாக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு வரவில்லை. ஒரு பெண் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்கிறாள், அந்த வாயிலும் அப்பன் பெயரைத் திணித்துவிட்டோம்.

அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் எங்கள் வீட்டின் கட்டளையை எங்களைவிட ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறாள். முதலாளிதான் தலையைச் சொறிந்தார். “தப்பு எங்க மேலயும் இருக்கு டீச்சர். ஆனா இந்தச் சீசன்ல மறுபடி ஓட்டணும்னா கல்யாணத்துக்குள்ள முடியாது. வேணும்னா இதை அங்கன ஓரமா வச்சிருவோம். பட்டாசுக் கம்பெனிக்கு, மருந்து அடைக்கிற குழாய் சுத்தப் போயிரும்.” குழாய்க்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் புத்தகம் யார் கைக்கும் போவதைவிட அது மேல்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். புத்தகத்தைக் கையில் வாங்கி அட்டையை ஒரு பார்வை பார்த்தார். “நல்லதாப் போச்சு” என்றார்.

“என்னண்ணே சொல்லுறீக?”

“நான் இதை யோசிக்கவே இல்லம்மா. ஜமாஅத்துல எத்தன பேரு வருவாக. நம்ம வீட்டுப் பொம்பளப் பேரு ஊர்க்காரன் கையிலெல்லாம் போகணுமா? அந்தப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்ல பாரு. நம்ம பழைய வழக்கம் இது.”

நான் போனை எடுத்து அந்தக் கல்யாணச் செய்திப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். “உங்க பழைய ஆளு இந்தா இருக்காரு. கடை போர்டுல பேரு இருக்கே, அவருதான். தன் மக பேரை மெட்ராஸ் பத்திரிகையில போட விட்டிருக்காரு. ரங்கூன் வரைக்கும் போயிருக்கு. அவரு மானம் போயிருச்சா? உங்க வழக்கம் எப்பருந்துண்ணே பழசாச்சு?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, “அது அந்தக் காலம்மா. இப்பக் காலம் கெட்டுக்கிடக்கு” என்றார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் போட்டால் அது அந்தக் காலம். இன்றைக்குப் பெயர் போடாவிட்டால் அது பழைய வழக்கம். எப்படிப் போட்டாலும் பெயர் நமக்கு இல்லை. நான் புத்தகம் பைக்குள் போகக்கூடாது என்று கத்தினேன். கல்யாண வீட்டில் கத்தாதே என்று மதினி கையைப் பிடித்தார். அண்ணன் அன்றைக்கே வேனை அனுப்பி, குழாய்க்குப் போக வேண்டிய புத்தகங்களை ஒரு லோடாக ஏற்றி வரச் செய்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருப்பேன். கல்யாணப் பிள்ளைக்காகப் போனேன். மண்டபத்து வாசலில் ஆளுக்கொரு பை. பைக்குள் கற்கண்டு, பேரீச்சம்பழம், பெயரில்லாத புத்தகம். ஆண்கள் பக்கம் நிகாஹ் ஆரம்பித்தது. ஓதி வைக்கும் ஹஜ்ரத் மைக்கைப் பிடித்து, இன்னாருடைய மகள் என்று சொல்லி மணப்பெண்ணின் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். பெயர் சொல்லாமல் நிகாஹ் இல்லையே! ஸ்பீக்கர் மண்டபத்துக்கு வெளியேயும் கட்டியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கும், எதிர்த்த டீக்கடைக்கும், ரோட்டில் போன லாரிக்கும் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் கணீரென்று கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து நான் எட்டி அண்ணனைப் பார்த்தேன். துஆவுக்குக் கை ஏந்தி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கார்டில் போட்டால் போகிற மானம் மைக்கில் சொன்னால் போகாதா என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்கு வினை வந்தது பந்தியில்.

பிரியாணிக்குக் காத்திருந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார்கள். மல்லாங்கிணறு பக்கத்து நிலக்காரர் ஒருவர், கடைக்குப் பல வருஷமாக வத்தல் போடுகிறவர், அட்டையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டாராம்: “ஐயாவுக்கு மூணு பொம்பளப் பிள்ளைகன்னு எங்கப்பா சொல்லுவாரே. இது எந்த மக?”

அண்ணன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்து வரிசையிலிருந்து இன்னொரு குரல் முந்திக்கொண்டது. அருப்புக்கோட்டைக் குப்பியின் பேரர், ஜவுளிக்கடைக்காரர். அவருக்கும் அண்ணனுக்கும் ஒரு கடை இடத்து விவகாரத்தில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்காகக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். “வேற யாரு? எங்க அம்மாவைப் பெத்தவுகதான். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே!” என்றார்.

அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருக்க நியாயமில்லை. அட்டையில் ஒரு காலியிடம் கிடந்தது, வந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

அதோடு போகவில்லை. அருப்புக்கோட்டையில் பாராட்டு விழா என்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதை நான் நேரில் போய்ப் பார்த்தேன். ‘வெள்ளையர் காலத்து வீரப் பெண் நாவலாசிரியை, எங்கள் பாட்டியார்’ என்று இருந்தது. பாட்டியாரின் பெயர் இல்லை. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ. சுற்றிலும் பேரர்கள், கொள்ளுப் பேரர்கள், மருமகன்மார், எல்லோரும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பெயரோடும் போட்டோவோடும் இருந்தார்கள். எழுதியவர் ரோஜாப்பூ.

மறுநாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“பாத்தியாம்மா அநியாயத்த! நம்ம சாத்தூர்க் குப்பி எழுதுனதை அவன் பாட்டி எழுதுனதாக்கிட்டான்! அங்கன மாலை என்ன, மைக்கு என்ன! கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டானா?”

“அட்டையில பேரில்லையேண்ணே. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமே.”

“அதான் சொல்ல வந்தேன். உடனே மறுபடி அடி. பேரைப் பெருசாப் போடு. தலைப்பை விடப் பெருசாப் போடு.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டதே என்று பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தப் பெண் எழுதினாள் என்பதற்காக அவள் பெயர் அச்சில் வரவில்லை. நான் கத்திக் கேட்டதற்காகவும் வரவில்லை. ஜவுளிக்கடைக்காரன் மாலை வாங்கிவிட்டான் என்றதும் வருகிறது. இரண்டு ஆண்களுக்கு நடுவே கடை இடத்துச் சண்டை மாதிரி இதுவும் ஒரு இடத்துச் சண்டை. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “எப்படியோ வந்தாச் சரிதானே, அதுக்கு ஏன் இம்புட்டுக் கோபம்?” என்றார்.

என் எதிரிலேயே அச்சகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஸ்வநத்தத்துப் பெண்தான் எடுத்தாள். “அந்த நாவலை மறுபடி ஓட்டணும்மா. எழுதுனவுக பேரைப் போட்டு ஓட்டணும்” என்றார்.

அவள் அங்கே யாரையோ மிஷினை நிறுத்தச் சொன்னாள். “பொம்பளப் பேரு போடணுமாண்ணே? நெசமாத்தான் சொல்லுறீகளா?”

“ஆமாம்மா, போடணும்.”

“என்ன பேருண்ணே? பழைய ஃபைல் அழிச்சிட்டேன். சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “அவுக பேரு என்னம்மா?”

ஆராய்ச்சிப் பெண் சொன்ன அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன பெயர். பத்திரிகைப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்த பெயர். மண்டையில் ஏறவே இல்லை. நான் சொல்லவில்லை. “போர்டுல பேரைப் பாத்துக்கிட்டே கடையில உக்காந்திருக்கீகளே, அவரு மககிட்டக் கேளுங்க” என்றேன். அவர் முகம் சுருங்கியது. போனின் அந்தப் பக்கம், “ஹலோ, ஹலோ” என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நான்தான் போனை வாங்கிச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

இரண்டாம் பதிப்பு வந்தது. இந்தத் தடவை பிளேட்டு போடும்போது நான் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். குப்பியின் பெயர் தலைப்பை விடப் பெரிதாக வரவில்லை, நான் விடவில்லை. பத்திரிகையில் இருந்த அதே அளவில் இருக்கிறது. மதுரை ஆராய்ச்சிப் பெண் பிரதியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க மேடம். பேர் கிடைச்சா வீடு கிடைக்க மாட்டேங்குது, வீடு கிடைச்சா பேர் தெரிய மாட்டேங்குது” என்றாள். அண்ணன் தன் பெயரை வெளியிடுபவர் என்று உள்பக்கத்தில் போடச் சொன்னார். போட்டேன். அவர் பெயர் எங்கேதான் இல்லை?

போன மாதம் அவருடைய இளைய மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்க வந்தார்கள். அண்ணனும் மதினியும். பிள்ளையைத் தையல் கடையில் விட வேண்டும் என்று காரிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கற்கண்டுத் தட்டையும் கார்டையும் நீட்டினார். தங்க நிற எழுத்து, நல்ல தாள், அதே சிவகாசி அச்சகம். திறந்தேன். மாப்பிள்ளை பெயர், படிப்பு. அதற்கு எதிரே, ‘அருமைப் புதல்வி, பி.டெக்.’

புத்தகத்துக்குப் பெயரைப் பெரிதாகப் போடு என்று என் வீட்டில் நின்று கத்திய அதே ஆள்.

“யாருக்குண்ணே கல்யாணம்?” என்றேன்.

“என்னம்மா கேள்வி இது? என் மகளுக்கு.”

“எந்த மகளுக்கு?”

அவருக்குப் புரிந்துவிட்டது. பந்தியில் வத்தல்காரர் கேட்ட கேள்வி அல்லவா! “இளையவளுக்குத்தான். மூத்தவளுக்குத்தான் முடிஞ்சிருச்சே, உனக்குத் தெரியாதா?” என்று இழுத்தார்.

“எனக்குத் தெரியும். கார்டுக்குத் தெரியலையே. நாளைக்கு யாராவது எடுத்துப் பாத்தா எந்த மகன்னு யாரு சொல்லுவா?”

“நாளைக்கு எவன் எடுத்துப் பாக்கப் போறான்?”

“நாம பாக்கலையா?”

மதினி கற்கண்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் வாசல் தெருவை ஒட்டியது, கார் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இப்போது முழுவதும் இறங்கியது.

“குப்பி!” என்று என்னைக் கூப்பிட்டாள் இளையவள். நானும் ஒருத்தருக்குக் குப்பிதானே. தலையை வெளியே நீட்டி, எதிர்வீட்டு ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி தன் பெயரைச் சொன்னாள். அத்தா பெயர் இல்லாமல், படிப்பு இல்லாமல், வெறும் பெயரை.

“மெதுவாச் சொல்லும்மா, தெருவுல ஆளு நிக்கிறாக” என்றார் அண்ணன்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.